வந்துக்கிட்டு இருக்கேன்

அத்தியாயம் பதினாறு

சுமலதா அன்று காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டதே, நாத்தனார் அழுவதைப் பார்ப்பதற்காகத்தான்.

'ச்சே, என்ன பொம்பளை இவள்' என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவளுடைய வயிற்றெரிச்சல் உங்களில் பலருக்கு மறந்துபோயிருக்கும். இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

சுமலதா காரைக்கால்காரி. வாழ்க்கைப்பட்டது புதுச்சேரி கதிர்காமத்தில். மகள் கவிநிலா பெரிய மனுஷியானபோது மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். தாய்மாமன் மாலை போடும் நேரத்தை ஜோசியர் பேச்சைக் கேட்டு முந்தின நாள் முன்னால் தள்ளினார்கள். அதைச் சுமலதாவின் தம்பி பிரேம்குமாருக்குச் சொல்லும் வேலையை நாத்தனார் துர்காவிடம் விட்டார்கள். பிரேம்குமார் வேன் நிறையச் சீர்த்தட்டோடு காரைக்காலிலிருந்து வந்து இறங்கியபோது, யாரோ ஒரு ஒன்றுவிட்ட மாமன் மாலை போட்டு முடித்து, பந்தியில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது.

"மெசேஜ் அனுப்பினேன் அண்ணி. நெட்வொர்க் இல்ல, போகல போல" என்றாள் துர்கா, தலையைக் குனிந்துகொண்டு.

பிரேம்குமார் வாசலோடு திரும்பினான். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அக்காவின் நம்பரை பிளாக் செய்தான். பிறகு நடந்த தன் கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை. நாத்தனார் முடிச்சு போட வேண்டியவள் இவள். அந்த முடிச்சை வேறு யாரோ போடுவதை ஒரு சொந்தக்காரியின் ஸ்டேட்டஸில் பார்த்துவிட்டு, போனை அரிசி டிரம்முக்குள் எறிந்தாள் சுமலதா.

நெட்வொர்க் இல்லையாம். யாரிடம் விடுகிறாள் கதை?

சுமலதாவுக்கு வேலையே நேரு வீதியில் ஒரு செல்போன் கடையில்தான். பாரீஸில் இருக்கும் பேரனோடு வீடியோவில் பேசத் தெரியாமல் தடுமாறும், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பெரியவர்கள் முதல், புது மாடல் வந்த அன்றே வாசலில் நிற்கும் காலேஜ் பையன்கள் வரை எல்லாருக்கும் போனைத் திறந்து காட்டிச் சொல்லிக்கொடுப்பவள் அவள். எந்த ஏரியாவில் எந்த சிம் எடுக்கும், எங்கே 5ஜி ஓடும், எங்கே சும்மா எழுத்து மட்டும் காட்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். அவளிடம் போய் நெட்வொர்க் இல்லை என்றால்?

மூன்று வருஷம் காத்திருந்தாள். துர்காவுக்குக் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் யார்? துர்காவின் ஒரே அண்ணன், சுமலதாவின் புருஷன் ஹரிகிருஷ்ணன்.

சாமியே கொண்டுவந்து கையில் கொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடிந்த பிறகு என்றுதான் முதலில் பேச்சு. வியாழன் சாயங்காலம் துர்கா குடும்பக் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டாள். காது குத்தும் பத்தருக்கு மதியம் வில்லியனூரில் இன்னொரு காதுகுத்து இருக்கிறதாம். அதனால் ராகு காலத்துக்கு முன்னாலேயே, பத்தரைக்குள் முடித்துவிடுகிறோம், எல்லாரும் ஒன்பதுக்கே வந்துவிடுங்கள் என்று.

ஹரிகிருஷ்ணன் அப்போது குளித்துக்கொண்டிருந்தான். அவன் போன் சார்ஜில் கிடந்தது.

சுமலதா அந்த மெசேஜை அவன் போனிலிருந்து மட்டும் அழித்தாள். குரூப்பைச் சத்தம் வராமல் மூடினாள். அடுத்தது கடையில் தினமும் வாடிக்கையாளருக்குச் செய்து காட்டுகிற வேலை. இந்த இடத்துக்குப் போனால் போன் தானாக அமைதியாகிவிட வேண்டும், கூப்பிடுகிறவர்களுக்குத் தானாகவே ஒரு பதில் போக வேண்டும், அந்த இடத்தை விட்டுக் கிளம்பினதும் பழையபடி ஆகிவிட வேண்டும். இடம் எது என்று போன் கேட்டது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தைத் தொட்டாள். பதில் என்ன என்று கேட்டது.

'வந்துக்கிட்டு இருக்கேன்' என்று தட்டினாள்.

அதைவிடப் பொருத்தமாக எதை எழுத முடியும்? குளியலறையில் சோப்பு போட்டுக்கொண்டே, வந்துவிட்டேன், தெருமுனையில் நிற்கிறேன் என்று சொல்கிற ஆள் அவன். ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. தன் நம்பர் ஒன்றை மட்டும் விலக்கி வைத்தாள். கடிவாளம் தன் கையில் இருக்க வேண்டும் அல்லவா?

ஹரிகிருஷ்ணனுக்கு மீன் ஏற்றும் லோடு வண்டி இருக்கிறது. தேங்காய்த்திட்டில் ஏலம் முடிந்ததும் பெட்டிகளை ஏற்றி அனுப்புவது அவன் பொறுப்பு. விடியற்காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னான்.

"ஒரு லோடு ஏத்தி உட்டுட்டு, அங்கியே குளிச்சிட்டு, நேரா மண்டபத்துக்கு வந்துடறேன். சீர்த்தட்டு, கம்மல் எல்லாம் நம்ம சின்ன வண்டியிலயே எடுத்துனு போறேன். நீயும் கவியும் ஆட்டோல போயிடுங்க."

"சரிங்க" என்றாள் சுமலதா. இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு இனிமையாக ஒரு 'சரிங்க' சொன்னதில்லை.

முத்தியால்பேட்டை மண்டபத்தில் துர்கா மயில்கழுத்து நிறப் புடவையில் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுடையது காதல் கல்யாணம். புகுந்த வீடு குருசுக்குப்பம். பிறந்த வீட்டிலிருந்து உனக்கென்று யார் வந்து நின்றார்கள் என்று மாமியார் அஞ்சலாட்சி குத்திக்காட்டாத நாள் கிடையாது. இன்றைக்கு அந்த வாயை அடைத்துவிடலாம் என்று இருந்தாள் துர்கா. அண்ணன் சீரோடு வருவான், சபை நடுவில் மடியில் வைத்துக்கொள்வான். போதாதா?

"அண்ணி, அண்ணன் வரல?"

"கெளம்பியிருப்பாரு. நீதான் குரூப்புல போட்டியே, பாத்திருப்பாருல்ல?"

துர்கா போன் அடித்தாள். எடுக்கவில்லை. உடனே பதில் வந்து விழுந்தது. முகம் மலர்ந்தது அவளுக்கு.

"வராராம்" என்று மாமியாரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

சுமலதா முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சந்தனம் எடுத்துக்கொண்டாள். கல்கண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். தன் போனைப் பார்த்தாள். சிக்னல் கோடு அத்தனையும் நிமிர்ந்து நின்றன. தேங்காய்த்திட்டிலும் இப்படித்தான் நிற்கும், அங்கே பக்கத்திலேயே டவர். படகு கொஞ்சதூரம் போன பிறகும் பையன்கள் படம் பார்த்துக்கொண்டு போவார்கள். நெட்வொர்க் இல்லை என்று இந்தமுறை ஒருத்தியும் வாயைத் திறக்க முடியாது.

அரைமணி போனது. மொட்டைத் தலையில் சந்தனம் தடவிய குழந்தை, மாலையைப் பிய்த்துப் போட்டு அழ ஆரம்பித்தது. பத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். துர்காவின் புருஷன் கூப்பிட்டான். அவனுக்கும் அதே பதில். கவிநிலா கூப்பிட்டாள். அவளுக்கும் அதேதான்.

"எங்கியாம்மா வந்துனு இருக்கான் உங்க அண்ணன், பாரீஸ்லேர்ந்தா?" என்றாள் அஞ்சலாட்சி, நாலு பேர் காதில் விழும்படி. "பந்தியில உங்க பெரியப்பா மகன் கன்னியப்பன் நிக்கிறானே. அவனும் அண்ணன் முறைதான? கூப்ட்டு ஒக்கார வையி. நேரம் போவுதில்ல?"

"இல்ல அத்தை. எங்க அண்ணன் வந்தாதான்."

"வந்தாத்தான!"

துர்காவின் கண் நிறைந்தது. அப்பா, என்ன குளிர்ச்சி சுமலதாவுக்கு! மண்டப வாசலில் சீர்த்தட்டோடு நின்ற தம்பியின் முகத்தை நினைத்துக்கொண்டாள். நல்லா அழுடி. இன்னும் அழு. ராகு காலம் வரட்டும், பத்தர் பெட்டியை மூடட்டும், உன் மாமியார் ஜென்மத்துக்கும் உன்னைச் சொல்லிக்காட்டட்டும்.

அப்போது துர்கா மறுபடியும் போனைப் பார்த்தாள். திரையை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். ஏதோ முணுமுணுத்துப் பார்த்தாள். நிமிர்ந்து நேராகச் சுமலதாவைப் பார்த்தாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம் வாங்க."

பாத்திரம் அடுக்கி வைத்திருந்த அறைக்குள் இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

"இது அண்ணன் அனுப்பினது இல்ல."

"அவரு போன்லேருந்துதானே வருது?"

"போன் அவருதுதான். பேச்சு அவருது இல்ல. எங்க வீட்ல எவனும் 'வந்துக்கிட்டு'ன்னு சொல்லமாட்டான். 'வந்துனு இருக்கேன்'னுதான் சொல்லுவோம். வந்துனு, போயினு, தின்னுனு. கிட்டு போட்டுப் பேசறது இந்த மண்டபத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

முந்தின சாயங்காலம் சுமலதா இடத்தை யோசித்தாள், சிக்னலை யோசித்தாள், சார்ஜ் தீர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுவரை யோசித்தாள். பிறந்த ஊர் தன் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. போனும் அவள் தட்டினதை அப்படியே அட்சரம் மாறாமல் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

பயந்தாளா என்றால், இல்லை. பயப்படுகிற ஜாதகம் இல்லை அவளுடையது.

"ஆமாடி, நாந்தான்" என்றாள். "நல்லாத் தெரிஞ்சுக்க. உனக்கு ஒரு மணி நேரம்தான் ஆச்சு. அதுக்கே கண்ணு கலங்குது. என் தம்பி காரைக்கால்லேருந்து அவ்வளவு தூரம் சீரத் தூக்கிக்கிட்டு வந்து, பந்தி நடக்கற வாசல்ல நின்னானே, அப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்? நெட்வொர்க் இல்லன்னு சொன்னியேடி! அவன் கல்யாணத்துல எனக்குப் பாய் இல்ல, இலை இல்ல. எங்க அப்பா செத்தா சேதி சொல்லுவாங்களான்னுகூட எனக்குத் தெரியாது. உன்னாலதான!"

துர்கா அவளை வெறித்துப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

"அண்ணி, நான் மெசேஜே அனுப்பல."

"அதான் தெரியுமே!"

"அனுப்பப் போனப்ப அண்ணன் போனைப் புடுங்கினாரு. 'பிரேமுக்கு நான் சொல்லிக்கிறேன், நீ இதுல தலையிடாத பாப்பா'ன்னாரு. சொல்லுவாருன்னு நம்பி உட்டுட்டேன். அவன் வாசல்ல வந்து நின்னப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. அன்னிக்கே உங்ககிட்ட சொல்ல வந்தேன். என் கையப் புடிச்சினு கெஞ்சினாரு. 'இந்தப் பழிய நீ வாங்கிக்க பாப்பா, அவளுக்குத் தெரிஞ்சா என் குடும்பம் ஒடஞ்சிடும்'னு."

"பொய்."

"மூணு வருஷமா என் வீட்ல நீங்க ஒரு டம்ளர் தண்ணி குடிக்கல அண்ணி. என் புள்ளை பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசப்படி வரிக்கும் வந்துட்டு, எட்டிப் பாக்காமப் போனீங்க. எல்லாத்தையும் வாங்கினேன். நீங்க நம்ப வேணாம். இவ்ளோ செஞ்சவங்க உங்க நம்பர மட்டும் வெலக்கி வச்சிருப்பீங்க இல்ல? கூப்புடுங்க. அவரையே கேளுங்க."

சுமலதா கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். ஐஸ் உடைக்கும் மெஷின் சத்தம் பின்னால் கேட்டது.

"சொல்லு. லோடு ஏறினு இருக்குது."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கவி சடங்குல பிரேமுக்கு நேரம் மாத்தினதச் சொல்லாம விட்டது யாரு?"

மெஷினை விட்டு நகர்ந்து வந்திருப்பான் போல, சத்தம் குறைந்தது.

"துர்கா சொன்னாளா?"

அதிலேயே தெரிந்துவிட்டது. இருந்தும் அவன் வாயால் வரட்டும் என்று நின்றாள்.

"நாந்தான்" என்றான். "என்னாவாம் இப்ப? அவன் நிச்சயதார்த்தத்துல எல்லாரையும் வச்சினு என்னா சொன்னான்? 'மாமா மேல மீன் வாடை அடிக்குது, போட்டோவுல தள்ளி நிக்கச் சொல்லுங்க'ன்னான். அத்தினி பேரும் சிரிச்சாங்க. நீயும்தான் சிரிச்ச. ஒரு வார்த்த கேட்டியா அவன? அவனும் ஒரு நாளு சபையில தள்ளி நிக்கட்டும்னுதான் உட்டேன். சரி, நல்ல நாள்ல எதுக்கு அந்தப் பேச்சு? வீட்டுக்கு வந்து பேசிக்கலாம். பன்னண்டுக்கு முன்னாடியே வந்துடறேன்னு பாப்பா கிட்ட சொல்லு. காது குத்தறத்துக்கு முன்னாடி புள்ளைக்குப் போட ஒரு சங்கிலியும் வாங்கினேன், அவகிட்ட சொல்லாத."

நேரம் மாறியது அவனுக்கு இன்னும் தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். தேங்காய்த்திட்டிலிருந்து முத்தியால்பேட்டைக்கு எவ்வளவு தூரம்? விரட்டினால் ராகு காலத்துக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடுவான்.

சுமலதா துர்காவைப் பார்த்தாள். துர்கா அவளைப் பார்த்தாள்.

"அவசரமே இல்லங்க" என்றாள் சுமலதா. "நிதானமாக் குளிச்சிட்டு வாங்க."

போனை வைத்தாள். அறைக்கு வெளியே பத்தர் யாரிடமோ, இன்னும் கொஞ்ச நேரம்தான், அப்புறம் நான் கிளம்பிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"தப்பான ஆளப் போட்டு அடிச்சிட்டேன் துர்கா" என்றாள் சுமலதா. "உன் கால்ல விழச் சொன்னாலும் விழறேன். இப்ப நீ சொல்லு. அவர வரச் சொல்லணுமா? உன் புள்ளை, உன் சபை. நீ சொன்னா இப்பவே கூப்பிடறேன்."

துர்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அண்ணனை அவளுக்கு உயிர். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உயிரான அண்ணன்தான், செய்யாத தப்பை அவள் தலையில் வைத்துவிட்டு இத்தனை நாள் நிம்மதியாகச் சோறு தின்றிருக்கிறான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உண்மையைச் சொல்லலாமா என்று கேட்டதுண்டா?

கதவைத் திறந்தாள். பந்தியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கன்னியப்பண்ணா! கைய கழுவினு வா. புள்ளையை மடியில வச்சிக்க."

அஞ்சலாட்சிக்கே ஆச்சரியமாகிவிட்டது.

பத்தர் தன் பெட்டியிலிருந்தே ஒரு ஜோடிக் கம்மல் எடுத்தார். குழந்தை வீறிட்டு அழுதது. எல்லாரும் சிரித்தார்கள், அட்சதை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். கன்னியப்பனுக்குச் சபை மரியாதை செய்தார்கள். சுமலதாவும் துர்காவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். துர்கா கொடுத்த தண்ணீரைச் சுமலதா வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. ஹரிகிருஷ்ணன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டான் போலிருக்கிறது.

"என்னாடி இத்தினி மிஸ்டு கால்! துர்கா, கவி, மாப்ள எல்லாரும் கூப்ட்டு இருக்காங்க. இப்ப அடிச்சா யாரும் எடுக்கல."

"நீங்க எப்ப வர்றீங்கன்னு கேக்கத்தான். வாங்க, வாங்க."

வந்தான். புது வேட்டி, புதுச் சட்டை. தலை ஈரம் காயவில்லை. ஒரு முழு பாட்டில் சென்ட்டை மேலே கவிழ்த்துக்கொண்டவன் போல மணந்தான். கையில் சீர்த்தட்டு, தட்டின் மேல் சின்ன நகைப் பெட்டி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "எங்க என் மருமவப் புள்ள?" என்று சத்தம் போட்டுக்கொண்டு நுழைந்தான்.

கன்னியப்பன் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு காதும் சிவந்து, கம்மல் மின்னியது. பந்தியில் பாதிப் பேர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார்கள்.

"என்னா இது?" என்றான். "பன்னண்டு மணின்னுதான சொன்னீங்க? பாப்பா?"

"குரூப்புல போட்டேண்ணா, நேரம் மாத்தியாச்சுன்னு" என்றாள் துர்கா. கண்ணைத் தாழ்த்தவில்லை. "கூப்ட்டோம். நீ எடுக்கல."

ஹரிகிருஷ்ணன் சுமலதாவின் பக்கம் திரும்பினான். அவள் நேராக அவன் கண்ணைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் முன்னால் போனில் கேட்ட கேள்வி எதற்கு என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். முகம் வெளிறிப்போயிற்று. தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல், தூக்கிக்கொண்டே நிற்கவும் முடியாமல் தவித்தான்.

சுமலதாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், ரொம்பவே சந்தோஷமாக இருந்தது. என் தம்பியும் இதே மாதிரிதானடா நின்றான்!

ஹரிகிருஷ்ணன் தட்டோடு திரும்பி வண்டியைப் பார்த்து நடந்தான்.

அவன் பின்னால் கவிநிலா ஓடினாள். அப்பாவின் கையிலிருந்த போனை வாங்கினாள். தான் கூப்பிட்டபோது தனக்கு வந்த பதிலையும், மற்ற எல்லாருக்கும் அதே பதில் போயிருப்பதையும் நடுத்தெருவில் நின்று பார்த்தாள். காரைக்கால் பேச்சும் புதுச்சேரி பேச்சும் ஒரே வீட்டில் கேட்டு வளர்ந்த பெண். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வாசல்வரை திரும்பி வந்தாள்.

"நீதானம்மா?"

சுமலதா வாயைத் திறந்தாள். உன் சடங்கில் பிரேம் மாமன் வாசலில் நிற்கக் காரணம் யார் தெரியுமா, உன் அப்பாதான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னால் துர்காவின் விசேஷம் அதோடு நாறிவிடும். இப்போதுதான் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறாள்.

"வீட்டுக்குப் போயி சொல்றேன் கவி."

"வேணாம். அப்பா அழுவுது. நான் பாத்ததே இல்ல." கவிநிலா ஓரடி பின்னால் வைத்தாள். "நான் அப்பாவோட போறேன்."

அஞ்சலாட்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா பொண்ணு, நல்ல நாளும் அதுவுமா என்னா பேச்சு இது? போயிட்டு வரேன்னு சொல்லு" என்றாள்.

கவிநிலா சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் போய் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.